காதுக்கு ஒத்துக்கொள்ளும் தோடு: அரிப்பும் புண்ணும் இல்லாமல் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அம்மா எனக்குக் கொடுத்த கல் தோடு 916 தங்கம். பதினைந்து வருடம் கழற்றாமல் போட்டிருந்தேன், ஒரு தொந்தரவும் இல்லை. திடீரென்று இடது காது மட்டும் அரிக்கத் தொடங்கியது. ஷாம்பு மாற்றினேன், தேங்காய் எண்ணெய் தடவினேன், தலையணை உறையைத் தினமும் துவைத்தேன். காது மடலின் பின்பக்கம் செதில் செதிலாக உரிந்து நீர் கசிந்ததே தவிர, ஆறவில்லை. மூன்று மாதம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது: இடது தோட்டின் திருகாணி தொலைந்து, ஒரு கடையில் வேறு திருகாணி வாங்கிப் போட்டிருந்தேன். தங்க நிறத்தில் இருந்தது, தங்கம் என்றே நினைத்துவிட்டேன். அது வெறும் முலாம். அதைக் கழற்றி, 916 திருகாணி போட்ட பிறகு இரண்டே வாரத்தில் காது சரியானது.

அன்றிலிருந்து எந்தத் தோட்டைக் கையில் எடுத்தாலும் முதலில் திருப்பித்தான் பார்க்கிறேன். கல்லும் பூ வேலையும் காதுக்கு வெளியே இருப்பவை. துளைக்குள் போகும் தண்டும், மடலின் பின்னால் அழுத்திக்கொண்டு இருக்கும் திருகாணியும்தான் இருபத்து நான்கு மணி நேரமும் தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இந்த வழிகாட்டி முழுவதும் அந்தப் பின்பக்கத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

முதலில் தொந்தரவு எது என்று பிரித்துப் பாருங்கள்

"எனக்குத் தோடே ஒத்துக்காது" என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையான காரணம் வேறு வேறாக இருக்கும். காரணம் தெரியாமல் புதுத் தோடு வாங்கினால் பணம்தான் வீண்.

அரிப்பு முன்னால் வந்து, சிவந்து, தோல் உரிந்து, தெளிந்த நீர் கசிந்தால் பெரும்பாலும் உலோக ஒவ்வாமை. அது பெரும்பாலும் இரண்டு காதிலும் வரும். தொங்கட்டான் கழுத்தில் உரசும் இடத்திலும் தடிப்பு வரலாம். இன்னொரு நல்ல துப்பு: ஜீன்ஸ் பட்டன் படும் இடத்தில், தொப்புளுக்குக் கீழே எப்போதாவது அரித்திருக்கிறதா? கைக்கடிகாரத்தின் கொக்கி படும் இடத்தில்? இதற்கு ஆமாம் என்றால், மலிவான நகைகளில் கலந்திருக்கும் நிக்கல் என்னும் உலோகத்தின் மீது சந்தேகம் வைக்கலாம்.

வலி முன்னால் வந்து, காது சூடாகி, வீங்கி, மஞ்சளாகவோ பச்சையாகவோ சீழ் வந்தால் அது கிருமித் தொற்று. மருத்துவரிடம் போங்கள். புதிதாகக் குத்திய துளையில் சீழ் பிடித்தால் பதறிப்போய் நீங்களே தோட்டைக் கழற்றிவிடாதீர்கள். துளை மூடிக்கொண்டு சீழ் உள்ளேயே தங்கிவிடக்கூடும். மடலுக்கு மேலே, குருத்தெலும்பில் குத்திய இடம் வீங்கி வலித்தால் அன்றைக்கே போக வேண்டும். அங்கே இரத்த ஓட்டம் குறைவு, தொற்று பரவினால் காதின் வடிவமே கெட்டுப்போகும்.

அரிப்பும் இல்லை, சீழும் இல்லை, மாலையானால் மட்டும் மடல் கனத்து வலிக்கிறது என்றால் எடையும் தண்டின் தடிமனும்தான் காரணம். உலோகத்தை மாற்றி இதற்குப் பயன் இல்லை.

துளைக்கு அருகே கெட்டியான உருண்டை வளர்ந்துகொண்டே போகிறதா? அது கெலாய்டு என்னும் தழும்பு வளர்ச்சியாக இருக்கலாம். கறுத்த தோல் உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும், குடும்பத்திலும் தொடரும். அம்மாவுக்கோ அண்ணனுக்கோ இருந்தால், இன்னொரு துளை போடும் ஆசையைத் தோல் மருத்துவரிடம் கேட்ட பிறகே வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை போட்டது திங்கட்கிழமை அரிக்கும்

ஒவ்வாமை விஷயத்தில் நம்மை அதிகம் குழப்புவது இதுதான். வியர்வையில் இருக்கும் உப்பு, உலோகத்திலிருந்து நிக்கலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. கரைந்த நிக்கல் தோலுக்குள் இறங்கி அங்குள்ள புரதத்தோடு சேர்கிறது. உடலின் எதிர்ப்பு அணுக்கள் அதைப் பகையாக நினைவில் வைத்துக்கொள்கின்றன. அடுத்த முறை நிக்கல் பட்டதும் அவை திரண்டு வருவதற்கு ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை ஆகும்.

என் மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணம். சனிக்கிழமை முழுவதும் கவரிங் ஜிமிக்கி போட்டிருந்தாள். ஞாயிறு ஒன்றும் இல்லை. திங்கள் காலை பள்ளிக்கூடத்துக்கு வழக்கமான சின்ன வெள்ளிக் கம்மலைப் போட்டாள், மதியம் காது சிவந்து வீங்கிவிட்டது. பழி வெள்ளிக் கம்மல் மேல் விழுந்தது. அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த விசேஷத்துக்கு மறுபடியும் அதே ஜிமிக்கியைப் போட்டு அனுப்பினேன். இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டப்படுகிறது.

அதனால் காது அரித்தால், அன்றைக்குப் போட்டதை மட்டும் பார்க்காமல், மூன்று நாள் பின்னோக்கிப் போய் என்னென்ன போட்டோம் என்று யோசியுங்கள். ஒருமுறை உடல் நிக்கலைப் பகையாக்கிக்கொண்டால் அது பெரும்பாலும் ஆயுள் முழுக்க இருக்கும். "கொஞ்ச நாள் போட்டால் பழகிடும்" என்று சொல்வது சரியல்ல. போடப் போட அதிகமாகத்தான் ஆகும்.

நாங்கள் இருக்கும் பினாங்கின் வெயிலும் ஈரப்பதமும் இதற்கு எண்ணெய் ஊற்றுகின்றன. குளிர் அறையில் ஒரு மணி நேரம் தாங்கும் தோடு, தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்து போய் வரும்போது தாங்காது.

புதுத் தோட்டுக்கு முன் காதை ஆறவிடுங்கள்

புண்ணான காதில் தங்கமே போட்டாலும் எரியத்தான் செய்யும். பழைய துளையாக இருந்தால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, தோல் உரிவதும் கசிவதும் முழுவதும் நிற்கும் வரை காதை வெறுமையாக விடுங்கள். உப்புநீரால் மெதுவாகத் துடைத்து, ஈரம் ஒற்றி எடுத்தால் போதும். பார்மசியில் விற்கும் 0.9 விழுக்காடு உப்புக் கரைசல் நல்லது.

நீர் கசியும் தோலில் மஞ்சளோ, கற்றாழையோ, கண்ணில் பட்ட களிம்போ தடவாதீர்கள். சில கிருமிநாசினிக் களிம்புகளில் இருக்கும் நியோமைசின் என்னும் மருந்தே ஒவ்வாமை உண்டாக்கும். களிம்பு போடப் போடப் புண் பெரிதானால் அதையும் சந்தேகப்படுங்கள். அரிப்பு அதிகமாக இருந்தால் கிளினிக்கில் காட்டுங்கள்.

காது மட்டுமல்லாமல் கை, கழுத்து, இடுப்பு என்று பல இடத்தில் தடிப்பு வந்தால் தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனை செய்துகொள்வது நல்லது. சந்தேகப் பொருள்களைச் சின்னச் சின்ன ஒட்டுகளாக முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், அதற்கு ஒன்றிரண்டு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். அரசு கிளினிக்கில் காட்டினால் அங்கிருந்தே தோல் நிபுணருக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளலாம். சோதனையில் நிக்கல் என்று உறுதியானால், அதற்குப் பிறகு கடையில் நீங்கள் தடுமாற வேண்டியதே இல்லை.

உலோகம்: எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது

நமக்கு மிகவும் பழக்கமான 916-ல் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். எளிதில் ஒவ்வாமை வரும் காதுக்கு இது நல்ல தேர்வு. 750 என்றால் 18 காரட், முக்கால் பங்குதான் தங்கம். 375 என்றால் 9 காரட், தங்கம் 37.5 பங்கு மட்டும். எண் குறையக் குறைய வேறு உலோகத்துக்கு இடம் கூடுகிறது. 375 மோசம் என்று சொல்லவில்லை, மீதியில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்கிறேன்.

வெள்ளைத் தங்கத்தில் கவனம் தேவை. மஞ்சள் தங்கத்தை வெளுக்கச் செய்ய நிக்கலோ பல்லேடியமோ கலப்பார்கள். மேலே ரோடியம் பூச்சு இருப்பதால் முதலில் கொஞ்ச காலம் ஒன்றும் தெரியாது, பூச்சு தேய்ந்ததும் அரிக்கத் தொடங்கும். பல்லேடியம் கலந்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

925 வெள்ளியில் 92.5 பங்கு வெள்ளி, மீதி வழக்கமாகச் செம்பு. பலருக்கும் ஒத்துக்கொள்ளும். வியர்வையில் கறுக்கும் என்பதால் அடிக்கடி துடைக்க வேண்டும்.

இப்போது ஒரு பெரிய எச்சரிக்கை. கறுப்பு நிறம் ஓடிய, கோயில் சிற்பம் போன்ற பெரிய ஜிமிக்கிகள் "ஜெர்மன் சில்வர்" என்ற பெயரில் விற்பனையாகின்றன. கைத்தறிச் சேலைக்கு மிகவும் அழகு, எனக்கும் பிடிக்கும். ஆனால் ஜெர்மன் சில்வரில் வெள்ளி ஒரு துளிகூட இல்லை. அது செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை. நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர் காதில் போடக்கூடாத பொருள் ஒன்று உண்டென்றால் அது இதுதான். வெள்ளி என்ற பெயரைக் கேட்டு எத்தனையோ பேர் ஏமாந்து, "எனக்கு வெள்ளியே ஒத்துக்காது" என்று முடிவு கட்டியிருக்கிறார்கள்.

கவரிங், ஒரு கிராம் தங்கம் என்று சொல்பவை எல்லாம் பித்தளை அல்லது செம்பு மேல் பூசிய மெல்லிய தங்கம். பல சமயம் தங்கப் பூச்சுக்கு அடியில் ஒரு நிக்கல் பூச்சும் இருக்கும், மேல்பூச்சு பளபளப்பாக நிற்பதற்காக. ஐம்பொன் தோட்டிலும் கலவை செய்பவருக்குச் செய்பவர் மாறும், பெயரை வைத்து நம்ப முடியாது.

சர்ஜிக்கல் ஸ்டீல் என்று விற்பதில் அதிகம் வருவது 316எல் வகை. அதில் நூற்றுக்குப் பத்துக்கும் மேல் நிக்கல் இருக்கிறது. ஆனால் எஃகுக்குள் இறுகப் பிணைந்திருப்பதால் வெளியே கசிவது மிகக் குறைவு. லேசான தொந்தரவு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் சரிப்படும். கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்த்துவிடுங்கள்.

நிம்மதியாக இருக்க வேண்டும் என்றால் டைட்டானியம். எலும்பு முறிவுக்கு வைக்கும் தகடுகளில் பயன்படும் வகையையே காதுக்கும் செய்கிறார்கள். ஏஎஸ்டிஎம் எஃப்136 என்று குறிப்பிட்டிருந்தால் அது உடலுக்குள் வைக்கும் தரம். எடையும் குறைவு. நீலம், ஊதா, தங்க நிறம் என்று வண்ணங்களிலும் வரும். அது சாயம் இல்லை, மின்சாரம் செலுத்தி மேற்பரப்பில் உண்டாக்கும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் நிறமாகத் தெரிகிறது. நயோபியம் என்னும் உலோகமும் இதேபோல் நம்பிக்கையானது. பிளாட்டினம் நல்லது, விலைதான் கைக்கு எட்டாது.

"நிக்கல் ஃப்ரீ" என்று அட்டையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1994-ல் இதற்கென்றே சட்டம் கொண்டுவந்தது. இப்போதைய விதிப்படி துளைக்குள் போகும் பகுதி, ஒரு சதுர செண்டிமீட்டருக்கு வாரம் 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கலைக் கசியவிடக்கூடாது. தோலில் உரசும் மற்ற பகுதிகளுக்கு 0.5. அந்த விதியைக் குறிப்பிட்டு விற்கும் தோடு, வெறும் "நிக்கல் ஃப்ரீ" அட்டையைவிட நம்பத்தக்கது.

காந்தம் வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. அது உதவாது. 316எல் எஃகில் நிக்கல் இருந்தும் காந்தம் ஒட்டுவதில்லை. நிக்கல் பூசிய பித்தளையும் கண்ணுக்குத் தெரியும்படி இழுபடாது. இணையத்தில் கிடைக்கும் நிக்கல் சோதனைத் திரவம் மேல். டைமெத்தில்கிளையாக்சைம் கலந்த அந்தத் திரவத்தைப் பஞ்சுக் குச்சியில் நனைத்து, தண்டின் மேல் அரை நிமிடம் தேய்த்தால், நிக்கல் கசிந்தால் பஞ்சு இளஞ்சிவப்பாகும். தண்டு, திருகாணி, கொக்கி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தால் இன்றைக்குக் கசியவில்லை என்று மட்டும்தான் பொருள். பூச்சு தேய்ந்த பிறகு மறுபடியும் பார்க்க வேண்டும்.

பின்பக்கம்: தண்டு, திருகாணி, கொக்கி

நம் திருகாணித் தோட்டின் தண்டு, பேஷன் கடைக் கம்மலின் தண்டைவிடத் தடிமன். கடைக் கம்மல் ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர்தான் இருக்கும். வருடக்கணக்கில் மெல்லிய கம்மல் போட்ட காதில், கல்யாணத்தன்று காலை அவசரத்தில் தடித்த தண்டை அழுத்தித் திருகினால் துளை உள்ளே கிழியும். அந்த எரிச்சலைத்தான் பலர் ஒவ்வாமை என்று நினைக்கிறார்கள். விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்பே போட்டுப் பாருங்கள், தண்டில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவி.

தண்டில் இருக்கும் மரையை, அதாவது திருகு வரிகளை, விரல் நகத்தால் தடவுங்கள். நகத்தை வெட்டுவதுபோல் கூராக இருந்தால் காதையும் வெட்டும். மரைக்குள் அழுக்கும் ஷாம்பும் சேரும். மரை, துளைக்கு வெளியே, தண்டின் நுனியில் மட்டும் இருக்கும் தோடு சிறந்தது.

திருகாணியை இறுகத் திருகுவது நம் பழக்கம், தொலைந்துவிடுமோ என்ற பயம். நியாயமான பயம்தான். ஆனால் மடலுக்கும் திருகாணிக்கும் நடுவே ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டை நுழையும் இடைவெளி வேண்டும். இறுக்கினால் காற்றும் போகாது, வியர்வையும் காயாது. தூக்கத்தில் குத்துகிறது என்பவர்களுக்கு, தட்டையான பின்பக்கம் உள்ள டைட்டானியம் கம்மல் பெரிய நிம்மதி.

அழுத்திச் செருகும் தக்கைகளில் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. தண்டு வெள்ளியாகவோ டைட்டானியமாகவோ இருக்கும், தக்கை வேறு ஏதோ உலோகமாக இருக்கும். என் திருகாணிக் கதையும் இதுதான். சிலிக்கோன் தக்கை வாங்கி மாற்றிவிடுங்கள், சில ரிங்கிட்தான் ஆகும். பழுப்பு நிறமாக மாறியதும் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது போடுங்கள்.

நகப்பூச்சு தடவிப் போடும் வழியைச் சொல்வார்கள். தொங்கட்டானின் வெளிப்பக்கம், கழுத்தில் உரசும் இடத்துக்கு ஒருநாள் உதவும். துளைக்குள் போகும் தண்டில் வேண்டாம், உரிந்து உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

கனம்

ஒரு பவுன் ஜோடி என்றால் காதுக்கு 4 கிராம். கவரிங் ஜிமிக்கியை இப்படி யாரும் எடை பார்ப்பதில்லை, அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். சமையலறைத் தராசில் ஒன்றை வைத்துப் பாருங்கள். நாள் முழுக்கப் போடுவதற்கு என் காதுக்கு 4 கிராம்தான் எல்லை. அதற்கு மேல் போனால் மாட்டல் போட்டுவிடுவேன். மாட்டலை வெறும் அலங்காரம் என்று நினைக்காதீர்கள். ஜிமிக்கியின் எடையைக் காதிலிருந்து எடுத்துத் தலைமுடியில் ஏற்றும் அருமையான ஏற்பாடு அது. கொண்டை ஊசியில் நன்றாக இழுத்து மாட்டினால்தான் வேலை செய்யும், தொளதொளவென்று தொங்கினால் கூடுதல் எடைதான்.

மெல்லிய கொக்கியில் கனத்த தொங்கட்டான் கோத்ததை வாங்கவே வாங்காதீர்கள். கம்பி வெண்ணெயை அறுப்பதுபோல் மடலை அறுத்துக்கொண்டே போகும். துளை நீண்டு கீற்றாகிவிட்டால் அறுவை செய்துதான் தைக்க முடியும்.

கடையில் நிற்கும்போது

ஜார்ஜ் டவுனில் லெபோ பசார் பக்கம், நம்மவர்கள் கடைத்தெரு என்று சொல்லும் இடத்தில், பொன் நகையும் கவரிங்கும் நான்கடி தூரத்தில் அடுத்தடுத்துக் கிடைக்கும். பொன் நகைக் கடையில் தோட்டைத் திருப்பி 916 முத்திரையைப் பாருங்கள். அப்புறம் தயங்காமல் கேளுங்கள்: "அண்ணே, திருகாணியும் 916-தானா?" திருகாணியைத் தனியாகக் கழற்றி எடை போட்டுக் காட்டச் சொல்லலாம், ரசீதில் எழுதச் சொல்லலாம். நல்ல கடைக்காரர் கோபப்பட மாட்டார். கவரிங் கடையில் "அரிக்காதுக்கா, நான் கேரண்டி" என்று சொல்வார்கள். நிறம் மங்காது என்பதற்கான கேரண்டி அது. காதுக்கு யாரும் கேரண்டி தர முடியாது.

பத்து பெரிங்கி இரவுச் சந்தையிலோ குடியிருப்புப் பகுதியில் போடும் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலோ ஆசைப்பட்டு ஒரு ஜோடி எடுத்தால், எடுங்கள், அழகாக இருந்தால் விடுவானேன்? தண்டை மட்டும் மாற்றிப் போடும் வகையா என்று பாருங்கள். கொக்கியில் தொங்கும் வகையானால் சின்ன இடுக்கியால் பழைய கொக்கியைக் கழற்றி, டைட்டானியம் அல்லது 925 கொக்கியை வீட்டிலேயே கோத்துவிடலாம்.

வீட்டில் போட்டுப் பார்க்கும் முறை

காது முழுவதும் ஆறியிருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். முதல் நாள் இரண்டு மூன்று மணி நேரம் போட்டுக் கழற்றுங்கள். அடுத்த மூன்று நாள் வேறு எதுவும் போடாதீர்கள். அமைதியாக இருந்தால், ஒரு முழு நாள் போட்டு மறுபடியும் மூன்று நாள் காத்திருங்கள். அதற்குப் பிறகு தொடர்ந்து போடலாம். ஒரு நேரத்தில் ஒரு புதுத் தோடு மட்டும். நாட்காட்டியில் தேதியைக் குறித்துவைத்தால், சனிக்கிழமை பழியைத் திங்கட்கிழமை கம்மல் சுமக்காது.

ஒத்துக்கொண்ட தோட்டையும் துடைத்துப் போடுங்கள். வாசனைத் திரவியம், முடிச்சாயம் எல்லாம் முடிந்த பிறகு தோடு. தலைக்குக் குளித்ததும் மடலின் பின்பக்கத்தை நன்றாக அலசி, ஈரம் ஒற்றுங்கள்.

குழந்தைக்குக் காது குத்தும்போது

நிக்கல் ஒவ்வாமை பலருக்குத் தொடங்குவதே காது குத்திய அன்று போட்ட மலிவான கம்மலில்தான். பச்சைப் புண்ணுக்குள் நிக்கல் இறங்குவது மிக எளிது. மொட்டை போட்டுக் காது குத்தும் விசேஷத்துக்கு எவ்வளவோ செலவு செய்கிறோம். அந்த முதல் கம்மலில் மட்டும் சிக்கனம் வேண்டாம்: 916, அல்லது உடலுக்குள் வைக்கும் தர டைட்டானியம். மடல் ஆற ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும், அதுவரை அதையே விட்டுவையுங்கள். திருகிச் சுற்றிவிடும் பழக்கத்தையும் விடுங்கள், ஆறும் தோலை அது மறுபடியும் பிய்க்கும். பாட்டி காலத்தில் துளை மூடாமல் இருக்க வேப்பங்குச்சி செருகினார்கள். உலோகம் இல்லாத அந்த யோசனை எனக்குப் பிடிக்கும், ஆனால் மரச் சிம்பு உள்ளே தங்கினால் சீழ் வைக்கும். ஆறிய துளைக்கு இப்போது மருத்துவத் தரப் பிளாஸ்டிக் தண்டுகளே கிடைக்கின்றன.

பாட்டியின் ஜிமிக்கி

ஒத்துக்கொள்ளவில்லை என்று பெட்டியில் கிடக்கும் பழைய நகையைக் கைவிட வேண்டாம். பத்தரிடம் கொடுத்தால் தண்டையும் திருகாணியையும் வெட்டி எடுத்துவிட்டு 916-ல் புதிதாக வைத்துக் கொடுப்பார். கொடுப்பதற்கு முன் இரண்டையும் எடை போட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். கல் வைத்த வேலையானால் சூடு படுமே என்று முன்கூட்டியே கேளுங்கள், சில கற்கள் நிறம் மாறும். வெட்டிய பழைய தண்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், அது தங்கமாக இருந்தால் கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லலாம். என் மகளின் அந்தக் கல்யாண ஜிமிக்கிக்கு இப்போது இரண்டு தங்கத் தண்டு. போன தைப்பூசத்துக்குப் போட்டாள், மாட்டலோடு. மூன்றாம் நாள் காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது நானே அவள் காதைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பே இல்லை.